ஆம்ப்ரோஸ் வீட்டுக் காருக்கு குளுக்கோஸ்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஆம்ப்ரோஸ் வீட்டுக் காருக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது என்று முதலில் சொன்னவர் வேதநாயகி. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தும்போதுதான் அவருக்குச் செய்தி வாசிக்க வரும்.

"மூணு வருஷமா ஏறுது சார். சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து ஒயரு வருது. துணிக்கொடி மேலயே ஓடி, நேரா கார் வாய்க்குள்ள போவுது. ஆஸ்பத்திரில பாக்குறோமே, அதே மாதிரி. சும்னே சொல்லல, நீயே போய்ப் பாரு."

"எதுக்கு ஏத்துறாராம்?"

"அதத்தான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

உண்மைதான். கோழிக்கடையில் விசாரித்தால், சீட்டுக்கு அடியில் அவர் மனைவி நோரா டீச்சரின் நகை இருக்கிறது, தொட்டால் ஷாக் அடிக்கத்தான் அந்த ஒயர் என்றார்கள். மாடியில் வாடகைக்கு இருக்கும் சாஃப்ட்வேர் பையன்கள், அங்கிள் கார் கம்ப்யூட்டரை வைத்து இன்டர்நெட்டில் காசு தோண்டுகிறார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்த கூட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நோரா டீச்சர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆத்துமா காருக்குள் இருக்கிறது என்றது. நோரா டீச்சரோ மெல்பர்னில் மகள் வீட்டில் நன்றாக இருக்கிறார். தினமும் காலையில் இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் அனுப்புகிறார். அதற்கு ஒரு கும்பிடு போட்டுப் பதிலும் அனுப்பிவிட்டுத்தான் இவர்கள் அவருடைய ஆத்துமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வதந்திகளுக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒயர் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு போனேன்.

ஒயர் இருந்தது. வேதநாயகி சொன்ன வழியிலேயே, இரண்டு பனியன்களுக்கும் ஒரு துண்டுக்கும் நடுவில் ஓடி, திறந்திருந்த பானெட்டுக்குள் இறங்கியது. வெள்ளி நிறத்துச் சின்னக் கார். சக்கரங்களுக்கு அடியில் செங்கல். ஆம்ப்ரோஸ் பழைய டூத் பிரஷ் ஒன்றால் பேட்டரி முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, பைக்குள் இரண்டு பேனா. ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆனாலும் பேனாக்கள் இன்னும் டியூட்டியில் இருந்தன.

"குளுக்கோஸா?" என்றார், பிரஷை நிறுத்தாமல். "வேதநாயகிதானே? என் சட்டையில பட்டன் எல்லாம் எப்படிக் காணாமப் போவுதுன்னு அவளை மொதல்ல விசாரிங்க."

"அப்ப இந்த ஒயர்?"

"சார்ஜர். பேட்டரி செத்துடக் கூடாது இல்ல. செத்தா கம்ப்யூட்டர் மறந்துடும்."

"எதை?"

"நோராவை" என்றார். பஸ் நம்பர் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார்.

இதற்கு மேல் நின்றுகொண்டு கேட்கிற விஷயமில்லை என்று, கவிழ்த்து வைத்திருந்த பக்கெட் மேல் உட்கார்ந்தேன்.

ஆம்ப்ரோஸ் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் விபத்துக் கோப்பு பார்த்தவர். எந்த லாரி எந்தச் சுவரில் மோதியது, பிரேக் போட்டார்களா, மழை பெய்ததா என்று முப்பது வருஷம் எழுதினார். எல்லாமே நடந்து முடிந்த பிறகுதான் அவர் மேஜைக்கு வரும். அந்தப் பழக்கம் உடம்பிலேயே ஊறிவிட்டது. பால் பொங்கி வழிந்த பிறகு "பால் பொங்கிடுச்சு" என்று சமையலறைக்குள் தகவல் சொல்லும் மனிதர் அவர் என்று நோரா சொல்வாராம். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டு முறை கற்றுக்கொள்ளப் போனார். முதல் முறை அல்சூர் பக்கம் ஒரு இளநீர் வண்டிக்கு மிக அருகில் போனார். இரண்டாவது முறை டிரைவிங் ஸ்கூல்காரரே கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க மெட்ரோவுல போங்க சார்" என்றுவிட்டார்.

கார் நோராவுடையது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசிலும் கழுத்துமாக வாழ்ந்தவர். ஐம்பதை நெருங்கும்போது ஓட்டக் கற்று, செகண்ட் ஹேண்டில் இதை வாங்கினார். அவர் ஓட்டுவார். ஆம்ப்ரோஸ் இடப்பக்கம் உட்கார்ந்து அறிக்கை வாசிப்பார்.

கார் குழியில் இறங்கி ஏறும். "குழி இருந்துச்சு" என்பார் ஆம்ப்ரோஸ்.

"தெரிஞ்சுது" என்பார் நோரா.

ஸ்பீட் பிரேக்கர் தாண்டும். "ஹம்ப்பு."

"தெரிஞ்சுது."

பதினோரு வருஷம் பெங்களூர் ரோட்டில் இந்த இரண்டு சொல்லை வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். ரோடும் கைவிடவில்லை. விஷயத்துக்குப் பஞ்சமே வரவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு மழைக்காலத்தில் கார் எமிஷன் டெஸ்டில் ஃபெயில் ஆயிற்று. பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் வேனில் இருந்தவர், சைலன்சரில் குழாயைச் சொருகிப் பார்த்துவிட்டு, இதில் பாதிப் பெட்ரோல் வேகாமலேயே வெளியே வருகிறது என்று சீட்டுக் கொடுக்க மறுத்துவிட்டார். பின்னால் கரும்புகை. மைலேஜ் விழுந்துவிட்டது. சிவாஜிநகரில் ஷெட் வைத்திருக்கும் கிஷோரைக் கூப்பிட்டார்கள்.

கிஷோர் கைக்கு மேல் வாய் வேலை செய்யும் மெக்கானிக். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சின்ன பிளக்கைச் சொருகி, மொபைலில் எண்களைப் பார்த்துக்கொண்டே நோராவுக்குப் பாடம் எடுத்தான்.

"ஆன்ட்டி, இன்ஜினுக்கு வாய்ப் பக்கம் ஒரு சென்சார் இருக்கு. எவ்ளோ காத்து உள்ள வருதுன்னு பாக்கும். பாத்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது அதுக்கேத்த பெட்ரோல் அளந்து ஊத்தும். காத்து ஜாஸ்தியானா வண்டி திணறும். பெட்ரோல் ஜாஸ்தியானா புகை. கரெக்டா கலக்கணும்."

"சரி, கெட்டது எது?"

"வால் பக்கத்துல ஒண்ணு. ஆக்ஸிஜன் சென்சார். சைலன்சர் குழாய்க்குள்ள உக்காந்து, எரிஞ்சு வர்ற புகையை மோந்து பாக்கும். ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தா பெட்ரோல் பத்தலன்னு சொல்லும். இல்லன்னா ஜாஸ்தின்னு சொல்லும். அது சொல்லச் சொல்ல கம்ப்யூட்டர் அடுத்த தடவை திருத்திக்கும். இது வந்து கம்ப்ளெயின்ட் சொல்ற சென்சார், ஆன்ட்டி. அது செத்துப் போச்சு. கம்ப்யூட்டருக்குக் கேக்க ஆள் இல்ல. குத்துமதிப்பா ஊத்துது. இன்ஜின் நின்னுடக் கூடாதேன்னு பயத்துல ஜாஸ்தியாவே ஊத்துது."

நோரா இதைக் கேட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். "எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து சொல்லுமா? ஏங்க, கேட்டீங்களா? நீங்கதான் என் ஆக்ஸிஜன் சென்சார்!"

"நான் என்ன, சைலன்சர்லயா உக்காந்திருக்கேன்?" என்று ஆம்ப்ரோஸ் முறைத்துக்கொண்டார். இதை என்னிடம் சொல்லும்போதும் ஒரு தரம் முறைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு பிரஷை வெகுநேரம் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

புது சென்சார் மாட்டிக் கிளம்பும்போதுதான் கிஷோர் அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

"கம்ப்யூட்டர் இனிமே ஓட ஓட பழகிக்கும் ஆன்ட்டி. உங்க கால் எப்படி, எங்க அழுத்துவீங்க, எல்லாம் ஞாபகம் வெச்சுக்கும். பேட்டரியை மட்டும் யாரையும் கழட்ட விடாதீங்க. கழட்டினா மறந்துடும்."

நோரா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவர் அப்போது மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். புது சென்சார் போட்டதால் லிட்டருக்குப் பதினாறு கொடுக்கும் என்றார். ஆம்ப்ரோஸ், பதினாலைத் தாண்டாது, மெக்கானிக் வாய் வார்த்தையை நம்பாதே என்றார். பந்தயம் கட்டினார்கள். டேங்க் டு டேங்க். கழுத்துவரை பெட்ரோல் நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, தீர்ந்ததும் கணக்குப் பார்ப்பது. தோற்றவர் ஜெயித்தவருக்கு மல்லேஸ்வரத்தில் சௌசௌ பாத் வாங்கித் தர வேண்டும். ஒரே தட்டில் ஒரு பக்கம் காரா பாத் என்கிற ரவை உப்புமா, இன்னொரு பக்கம் கேசரி பாத். வேறு ஒன்றும் பந்தயத்துக்கு லாயக்கில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

ட்ரிப் மீட்டர் நூற்று முப்பத்தாறைக் காட்டியபோது மெல்பர்னிலிருந்து போன் வந்தது. மகள் ஆஞ்சலாவுக்கு இன்னும் நாள் இருந்த பிரசவம் முன்னாலேயே வந்துவிட்டது. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நோரா கிடைத்த டிக்கெட்டில் கிளம்பினார். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன், காரை மூடி வையுங்கள் என்றார். குழந்தை தேறியது. ஆஞ்சலா வேலைக்குப் போக வேண்டியிருந்தது. விசா நீண்டது. பிறகு இரண்டாவது குழந்தை. அந்த ஆறு மாதம் இப்போது மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"நீங்க போகலாமே?"

"போனேனே. ஒரு மாசம் இருந்தேன். ஆஞ்சலா காருல கூட்டிட்டுப் போனா. ஒரு குழி இல்ல. ஒண்ணுகூட இல்ல சார். நான் எதுக்கு அந்த ஊர்ல?"

சிரித்தோம். அவர் முதலில் நிறுத்திவிட்டார்.

நான் போன நேரம் சரியான நேரமாக அமைந்துவிட்டது. அந்த வாரம்தான் ஆஞ்சலா போன் செய்திருந்தாள். "டாடி, சும்மா நிக்குற காரை வித்துடுங்க. மம்மியும் சரின்னுட்டாங்க." வாங்க ஆளையும் அவளே பிடித்துவிட்டாள். பரத் என்று ஒரு பையன், ஒயிட்ஃபீல்டில் வேலை, ஓட்டிப் பழக ஒரு பழைய கார் வேண்டுமாம். சனிக்கிழமை மத்தியானம் வந்து பார்ப்பான்.

"மம்மியும் சரின்னுட்டாங்க" என்பதைத்தான் ஆம்ப்ரோஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குக் கார் கவலையே இல்லை. நோரா அப்படிச் சொல்லியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அவர் திரும்பி வரப்போவதில்லை. நோராவிடமே கேட்டுவிடலாம். மூன்று வருஷமாகத் தினமும் பேசுகிறார், அதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

சனிக்கிழமை காலை கிஷோர் வந்தான். நானும் போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை. வேதநாயகியும் இஸ்திரி வண்டியை ஐம்பதடி நகர்த்தி, கேட்டுக்கு நேராக நிறுத்தியிருந்தார். வெயில் அங்கேதான் குறைவாம்.

கிஷோர் பானெட்டைத் திறந்ததும் பேட்டரியைக் காட்டினான். கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பியிருந்தது.

"அங்கிள், இதைக் கழட்டியே ஆகணும். எப்ப வெடிக்கும்னு தெரியாது."

"கழட்டு. ஆனா கரண்ட் ஒரு செகண்டுகூட நிக்கக் கூடாது. பக்கத்துல இன்னொரு பேட்டரியைக் கோத்துட்டுக் கழட்டு."

"எதுக்கு அங்கிள் இந்த ஆபரேஷன்?"

"எதுக்கா? நீதானேடா சொன்னே? கழட்டினா நோராவோட காலை மறந்துடும்னு?"

கிஷோர் ஸ்பேனரைக் கீழே வைத்தான். முதலில் சிரிப்பு வந்தது அவனுக்கு. பிறகு ஒயர் ஓடும் துணிக்கொடியை, ஜன்னலை, செங்கலை எல்லாம் வரிசையாகப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"அங்கிள்... அது... நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பழகிக்கும்னா, இன்ஜினைப் பழகிக்கும். இந்த இன்ஜினுக்கு எவ்ளோ கூட ஊத்தணும், எவ்ளோ குறைக்கணும்னு ஒரு கணக்கு வெச்சுக்கும். ஓட்டுறது ஆன்ட்டியா, நானா, அதுக்கென்ன தெரியும்? அப்படியே ஆன்ட்டி கணக்குன்னு வெச்சுக்கிட்டாலும் வேற யாராச்சும் நூறு கிலோமீட்டர் ஓட்டினா அது மேல இது எழுதிக்கும். அழிஞ்சுடும்."

"வேற யார் ஓட்டினா?"

"யாரும் ஓட்டல..."

"அப்ப இன்னும் அவ ஓட்டினதுதானே கடைசியா எழுதியிருக்கு?"

எந்த ஷெட்டிலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. பொய்யாகச் சொன்னதை மூன்று வருஷம் காரை நிறுத்தி வைத்து உண்மையாக்கிவிட்டிருந்தார் மனிதர்.

"ஆமா அங்கிள்" என்றான் கிஷோர். "கரெக்ட்தான்." போய் இன்னொரு பேட்டரியைத் தூக்கி வந்து இணையாகக் கோர்த்தான்.

இன்ஜினைக் கிளப்புமுன் டேங்கைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மூன்று வருஷத்துப் பெட்ரோலைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் பிசின் பிடித்துவிடும். பழையதை ஒரு பெரிய வெள்ளைக் கேனில் பிடித்துச் சுவரோரம் வைத்தான். மஞ்சள் நிறம், புளித்த வாடை. கேனைத் தூக்கிக் கனம் பார்த்தவன் ஏதோ நினைவு வந்து நிமிர்ந்தான்.

"அங்கிள், நீங்களும் ஆன்ட்டியும் பந்தயம் கட்டினீங்க இல்ல? இப்பவே தெரிஞ்சுக்கலாமே! ட்ரிப் மீட்டர் அப்படியே இருக்கு. மிச்சப் பெட்ரோல் இங்க இருக்கு. இதை அளந்தா எவ்ளோ குடிச்சிருக்குன்னு வந்துடும். யார் ஜெயிச்சதுன்னு சொல்லிடலாம். என்ன, ஆவியா போனதுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கணும்."

"அப்புறம் பாக்கலாம்" என்றார் ஆம்ப்ரோஸ். "வை அங்க."

புதுப் பெட்ரோல் ஊற்றி, கிஷோர் ஸ்டியரிங்குக்கு அடியில் பிளக்கைச் சொருகினான். மொபைலில் எண்கள் வந்தன.

"பாருங்க அங்கிள். ஆறு பர்சென்ட் கூட. கம்பெனி போட்டு அனுப்பின கணக்கைவிட நூத்துக்கு ஆறு பங்கு ஜாஸ்தியா ஊத்தணும்னு பழகி வெச்சிருக்கு."

"ஏன்?"

"எங்கயாச்சும் ரப்பர் குழாய்ல லேசா காத்து இழுக்கும். இல்ல, பெட்ரோல் பீச்சுற இடத்துல அழுக்கு அடைச்சிருக்கும்."

"அவளுக்கு எதுலயும் ஒரு கை கூட வேணும்" என்றார் ஆம்ப்ரோஸ், அவன் சொன்னது காதில் விழாதவர்போல். "சாம்பாருக்கும் அப்படித்தான் காரம் போடுவா."

கிஷோர் இந்த முறை திருத்தவில்லை.

சாவியைத் திருப்புமுன் ஆம்ப்ரோஸ் மெல்பர்னுக்கு வீடியோ கால் போட்டார். திரையில் நோரா வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை, பின்னால் கழுவும் மெஷின் சத்தம். கழுத்தில் விசில் இல்லை என்பதைத் தவிர இந்தத் தெரு பார்த்த அதே நோரா டீச்சர்.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு...?"

"ஒண்ணுமில்ல. கேளு." போனை இன்ஜின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. கரகரவென்று சத்தம், பின்னால் குப்பென்று புகை. வேதநாயகி இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளை அள்ளிக்கொண்டு கன்னடத்தில் திட்டினார். இன்ஜின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, எதையோ தேடுவதுபோல் ஓடியது.

"ரொம்ப ஊத்துதே" என்றது மெல்பர்ன்.

"வால் சென்சார் இன்னும் சூடாகல ஆன்ட்டி" என்று கிஷோர் கத்தினான். "குளிர்ல அது பேசாது. அது வாயத் திறக்கிறவரைக்கும் இது குத்துமதிப்புதான்."

காத்திருந்தோம். இவ்வளவு பேர் சேர்ந்து ஒரு சைலன்சர் குழாய் சூடாவதற்காகக் காத்திருந்தது ஜோகுபாளையம் சரித்திரத்தில் முதல் தடவையாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் தணிந்து ஒரு நிலைக்கு வந்தது. புகை வெளுத்தது, நின்றது. மொபைலில் ஒரு கோடு மேலும் கீழுமாக ஆட ஆரம்பித்தது. கூட, குறைய, கூட, குறைய என்று சென்சார் சொல்லச் சொல்ல கம்ப்யூட்டர் திருத்திக்கொள்ளும் கோடு அது.

"இப்ப சரியாயிடுச்சு" என்றார் நோரா. பிறகு, "மீட்டர்ல எவ்வளவு இருக்கு?"

"நூத்தி முப்பத்தாறு."

"அப்படியேவா வெச்சிருக்கீங்க?"

"பின்ன? பந்தயம் முடியலையே."

அங்கே குழந்தை எதையோ பிடித்து இழுத்தது. திரையில் கூரை தெரிந்தது, பிறகு பாதி முகம்.

"ஏங்க... ஆஞ்சலா சொன்னா இல்ல? வித்துடுங்க. இப்போதைக்கு என்னால வர முடியாது. இவளை யார்கிட்ட விட்டுட்டு வர்றது, சொல்லுங்க."

"சரி."

"நான் இங்க ஆஞ்சலா காரை ஓட்டறேன். ஸ்கூலுக்கு, கடைக்கு. ரோடு நல்லாத்தான் இருக்கு. பக்கத்து சீட்டுல யாரும் ஒண்ணும் சொல்றதில்ல." சிரிக்கப் பார்த்தார். "நானும் குத்துமதிப்பாத்தான் ஓட்டிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. "அப்புறம் பேசறேங்க" என்றதோடு திரை இருண்டது. இன்ஜின் மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணட்டா அங்கிள்?"

"ஓடட்டும் கொஞ்ச நேரம்."

மத்தியானம் பரத் வந்தான். தர்மபுரிப் பையன், கையில் புத்தம் புது லைசென்ஸ். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடியில் முகம் பார்த்து, ஹாரன் அடித்துப் பார்த்தான். ஒரு ரவுண்டு போகலாமா என்றான். கிஷோர் செங்கல்லை எடுத்துவிட்டு, சக்கரத்துக்குக் காற்று அடித்தான். நானும் கிஷோரும் பின்னால் ஏறினோம். ஆம்ப்ரோஸ் வழக்கம்போல் இடப்பக்கம்.

பரத் உட்காரும் முன் சீட்டைப் பின்னால் தள்ளினான். அது நோரா உயரத்துக்கு வைத்தது. கிரீச்சென்று நகர்ந்தது. ஆம்ப்ரோஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருவைத் தாண்டி ஓல்ட் மெட்ராஸ் ரோடு பக்கம் திரும்பும் இடத்தில், மூன்று வருஷமாக யாரும் மூடாத, அதற்கு முன்பும் யாரும் மூடாத குழி. சொல்லி வைத்ததுபோல் கார் அதில் இறங்கி ஏறியது.

"குழி இருந்துச்சு" என்றார் ஆம்ப்ரோஸ்.

சொன்ன பிறகு காத்திருந்தார். வலப்பக்கம் முகத்தைத் திருப்பவில்லை, ஆனால் காது அந்தப் பக்கம் இருந்தது.

"ஸாரி சார்! ஸாரி! நான் பாக்கல" என்றான் பரத்.

"பரவாயில்லப்பா."

அதற்குப் பிறகு நான்கு குழியும் இரண்டு ஹம்ப்பும் வந்தன. ஆம்ப்ரோஸ் வாயைத் திறக்கவில்லை. ட்ரிப் மீட்டர் நூற்று முப்பத்தேழுக்கு மாறியதை மட்டும் குனிந்து பார்த்தார்.

பையனுக்குக் கார் பிடித்துப்போயிற்று. விலைப் பேச்சு சுருக்கமாக முடிந்தது, சாவி கை மாறியது. போகும்போது ஆம்ப்ரோஸ் அவனிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, மொதல்ல கொஞ்ச நாள் வண்டி உன்கிட்ட முறைச்சுக்கும். வேற கால் பழகினது. நூறு கிலோமீட்டர் ஓடினா உனக்குப் பழகிடும்."

"அப்படியா சார்?" என்று ஆச்சரியப்பட்டான் பரத். கிஷோர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டான்.

கார் திரும்பி, தெருமுனையில் மறைந்தது. துணிக்கொடி மேல் ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இனி அது போகிற இடம் எதுவும் இல்லை. ஆம்ப்ரோஸ் அதைச் சுருட்டவில்லை. வேதநாயகி வந்து அதன் மேல் ஒரு ஈரத் துண்டைப் போட்டு உலர்த்தினார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

கிஷோர் வெள்ளைக் கேன் பக்கம் போனான்.

"அங்கிள், இதை நான் எடுத்துட்டுப் போறேன். ஸ்பேர் பார்ட்ஸ் கழுவ ஆகும். எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி அளந்து சொல்லிடட்டா? அளவு கேன் வண்டியிலயே இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம்."

"யார் ஜெயிச்சதுன்னு தெரிய வேணாமா? ஆன்ட்டி கேட்டாங்களே."

"அவ கேட்டா இல்ல?" என்றார் ஆம்ப்ரோஸ். "கேக்கட்டும். அளக்காதடா. அளந்தா முடிஞ்சிடும்."

"நான் வேணா ஷெட்ல போய் அளந்து வெச்சுக்கறேன், உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"அளந்தேன்னு தெரிஞ்சுது, உன் ஷெட்டுக்கே வந்து உக்காந்துடுவேன். தினம் நீ பண்ற தப்பை எல்லாம் பண்ணி முடிச்சப்புறம் சொல்லிட்டே இருப்பேன்."

அந்த மிரட்டல் வேலை செய்தது. கிஷோர் எங்கள் கண் முன்னாலேயே கேனை இன்னொரு கேனில் கவிழ்த்து, அதில் ஏற்கெனவே இருந்த பெட்ரோலோடு கலந்துவிட்டான். இனிமேல் அவனாலும் பிரிக்க முடியாது.

போன வாரம் ஆம்ப்ரோஸோடு மல்லேஸ்வரம் போயிருந்தேன். கண் பரிசோதனைக்கு என்றார். மெட்ரோ பிரேக் போட்டு நின்ற பிறகு "பிரேக் போட்டான்" என்றார். பக்கத்தில் நின்ற பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். நான் "தெரிஞ்சுது" என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். அது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

கண் பார்த்துவிட்டு, அவர்கள் வழக்கமாகப் போகும் நின்றுகொண்டு சாப்பிடும் ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார். உள்ளேயிருந்து கேசரி வாசனை நெய்யோடு வந்தது. கவுண்டர்காரருக்கு அவரைத் தெரிந்திருந்தது.

"ஏனு சார், மேடம் இன்னும் வரலையா? சௌசௌ பாத் ஒண்ணு ஹாக்லா, போடட்டா?"

"பேடப்பா. காஃபி மாத்ர. எரடு." வேண்டாம், இரண்டு காபி மட்டும் போதும் என்றுவிட்டார் ஆம்ப்ரோஸ்.

தட்டில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் மஞ்சளாக யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். ஆம்ப்ரோஸ் அதைக் கண்ணாலேயே மேஜைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"பசிக்குதுன்னா சாப்பிடுங்களேன்" என்றேன். "நான் வாங்கறேன்."

"அது சரியா வராது. அதுல ஒரு பாக்கி நிக்குது."

"யார் யாருக்குத் தரணும்?"

"தெரியலையே" என்றார் ஆம்ப்ரோஸ், காபியை ஊதிக்கொண்டு. "அவ வரணும் இல்ல, தெரியறதுக்கு."